யாரிடம் இருந்தது? ஏலக் கேட்லாக்கில் நான் முதலில் படிக்கும் வரி

பாரிஸுக்குத் தெற்கே ஃபோன்டேன்ப்ளோ என்று ஓர் ஊர். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி அங்கே ஒசனா என்ற ஏல நிறுவனத்தில் ஒரு சீனப் பூஜாடி ஏலத்துக்கு வந்தது. உருண்டை வயிறு, நீளக் கழுத்து, 54 சென்டிமீட்டர் உயரம். வெள்ளைப் பீங்கானில் நீலத்தில் டிராகன்களும் மேகங்களும். நிறுவனத்துக்காகப் பார்த்த நிபுணர் இது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று முடிவுகட்டி, 1,500 முதல் 2,000 யூரோ வரை போகும் என்று மதிப்புப் போட்டார். விற்பவர் தொலைதூரத்தில் வசிக்கும் ஒரு பெண். அம்மா இறந்த பிறகு பிரிட்டனியில் இருந்த வீட்டுச் சாமான்களை அப்படியே ஏலத்துக்கு ஒப்படைத்துவிட்டார். அந்த ஜாடியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கேட்லாக் வெளியானது. ஜாடியைப் பார்க்க நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். டார்ச் அடித்துப் பார்த்தார்கள், அடியைத் திருப்பிப் பார்த்தார்கள். நிறுவனம் மிரண்டுபோய், முன்பணம் கட்டியவர்தான் கேட்கலாம் என்று விதி போட்டுக் கூட்டத்தைக் குறைத்தது. அப்படியும் சுத்தியல் விழுந்தபோது விலை 77 லட்சம் யூரோ. கமிஷனெல்லாம் சேர்த்து 91 லட்சத்துக்கு மேல்.

நிபுணர் அசரவில்லை. இருபதாம் நூற்றாண்டுதான் என்றார். நிறுவனத்தின் தலைவரோ, ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் முந்நூறு பேர், ஒருவர் சொல்வது எப்படிச் சரியாகும் என்றார். நிபுணருக்கு அங்கே வேலை போயிற்று.

முந்நூறு பேர் கை தூக்கினால் ஜாடிக்கு வயது கூடிவிடாது. ஒருவர் வேலையை இழந்தால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. குடும்பத்தார் சொன்ன பின்னணி, பாட்டி பாரிஸில் பெரிய கலெக்டராக இருந்தார் என்பது. ஒரு பழைய பில், ஒரு கண்காட்சிச் சீட்டு, ஜாடி மேஜைமேல் இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், இதில் ஏதாவது ஒன்று கேட்லாக்கில் இருந்திருந்தால் நிபுணருக்கும் வேலை போயிருக்காது, இந்தச் சண்டைக்கும் வேலை இருந்திருக்காது.

வெளிநாட்டு ஏலங்களை ஆன்லைனில் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. வாங்குவதற்கு இல்லை, அந்த வசதியும் இல்லை. சிலர் கிரிக்கெட் பார்க்கிறார்கள், நான் இதைப் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்துப் படிந்துபோன பழக்கம் ஒன்று: கேட்லாக்கைத் திறந்தால் எஸ்டிமேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் 'ப்ரோவனன்ஸ்' என்ற பகுதிக்குப் போவேன். இதுவரை யார் யாரிடம் இருந்தது, எப்போது கை மாறியது என்ற விவரம். ஏலத்தில் உண்மையில் விற்பது அந்த வரிதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஏலக் கணக்கு. எஸ்டிமேட் என்பது நிறுவனத்தின் யூகம். கூட்டத்தை இழுக்க வேண்டுமென்றே குறைத்துப் போடுவதும் உண்டு. ரிசர்வ் என்பது விற்பவரோடு ரகசியமாகப் பேசி வைத்த குறைந்தபட்ச விலை. அதற்குக் கீழே போனால் பொருள் திரும்பிவிடும். 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' முடிந்து விழும் விலை ஹாமர் பிரைஸ். அதோடு முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வாங்குகிறவர் அதற்குமேல் பையர்ஸ் பிரீமியம் கட்ட வேண்டும். 1975-இல் கிறிஸ்டீஸும் சாத்பீஸும் லண்டனில் 10 சதவீதம் என்று ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் பல இடங்களில் அது 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதன்மேல் வரி, பேக்கிங், கப்பல் கூலி, நம்மூர்க் கஸ்டம்ஸ். ஒரு லட்சத்துக்குக் கேட்ட தட்டு வீட்டுக்கு வந்து சேரும்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

சுத்தியல் விழுந்தாலும் விற்றதாக அர்த்தமில்லை. 2010 நவம்பரில் லண்டனின் மேற்கு ஓரத்தில் ரைஸ்லிப் என்ற இடத்தில், பெய்ன்பிரிட்ஜஸ் என்ற சின்ன ஏலக்கடையில், ஒரு சாதாரண வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த சீன ஜாடி 4.3 கோடி பவுண்டுக்குப் போனது. உலகமே எழுதியது. வாங்கியவர் பணம் கட்டவில்லை. மாதங்கள் ஓடி, வருஷமும் ஓடி, கடைசியில் போன்ஹாம்ஸ் வழியாகத் தனியாக விற்றார்கள். 2 முதல் 2.5 கோடி பவுண்டுக்குள் என்று செய்தி வந்தது. பத்திரிகையில் வரும் ஏல விலை எதையும் ரொக்கமாக எண்ணிக் கையில் வாங்கியதாக நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது கேட்லாக் மொழி. சீனப் பீங்கானை எடுத்துக்கொள்வோம். அடியில் பெரும்பாலும் ஆறு எழுத்தில், சிலவற்றில் நாலில், எந்த வம்சம், எந்தப் பேரரசர் காலம் என்று நீலத்தில் எழுதியிருக்கும். இதற்கு 'மார்க்' என்று பெயர். கேட்லாக்கில் 'காங்ஷி மார்க் அண்ட் பீரியட்' என்று இருந்தால் எழுத்தும் அந்தக் காலம், பொருளும் அந்தக் காலம் என்று நிறுவனம் நம்புகிறது. வெறும் 'காங்ஷி மார்க்' என்று நிறுத்திவிட்டால் எழுத்து மட்டும்தான் காங்ஷி, பொருள் பிற்காலத்தது என்று அர்த்தம். இரண்டு வார்த்தை விட்டுப்போனதில் விலை நூறில் ஒரு பங்காகிவிடும். 'ஸ்டைல்' என்ற சொல் வந்தாலும் அதே கதைதான். பொய் எதுவும் சொல்லவில்லை, நாம்தான் படிக்கவில்லை என்று ஆகிவிடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பர்மாத் தேக்குத் தூண், ஸ்வீடன் எனாமல் கேரியர், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப் படம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அங்கே ஒரு கடையில் மூடியில்லாத நீல வெள்ளை ஜாடி ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"அது முந்நூறு வருஷம் சார். ராஜா பேரே அடியில எழுதியிருக்கு பாருங்க" என்றார் கடைக்காரர்.

"யார் வீட்டுல வாங்கினீங்கண்ணே?"

"அதெல்லாம் கேக்கக்கூடாது சார்" என்று சிரித்தார். "நீங்க ஜாடியப் பாருங்க."

பார்த்தேன். அடியில் நாலு எழுத்து, காங்ஷி மார்க். காங்ஷி 1662 முதல் 1722 வரை ஆண்டவர். அவர் காலத்துக்குப் பிறகு, முக்கியமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில், இந்த நாலெழுத்தை ஆயிரக்கணக்கான ஜாடிகளில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கப்பலேறி உலகமெல்லாம் போன சரக்கு அது. அதனால் எழுத்தை விட்டுவிட்டு, ஜாடி தரையில் உட்காரும் வளையத்தைப் பார்த்தேன். அங்கே மெருகு இருக்காது, வெறும் மண் தெரியும். சூளையில் வெந்தபோது மெருகும் மண்ணும் சேரும் இடத்தில் மெல்லிய செம்பழுப்புக் கோடு விழுந்திருக்கலாம். சக்கரத்தில் சுற்றியபோது கத்தி பட்ட வரி இருக்கலாம். நூற்றாண்டுக் கணக்கில் தரையில் இழுத்த பொருளில் தேய்மானம் ஒரே சீராக இராது, கீறல்கள் கண்டபடி ஓடும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததில் எல்லாக் கீறலும் ஒரே திசையில் போகும். இந்த ஜாடியின் வளையம் தேவைக்கு மேல் வழவழப்பாக இருந்தது, கோடு எதுவும் இல்லை. நல்ல அழகான ஜாடி. நூறு, நூற்றிருபது வருஷம் மதிக்கலாம். முந்நூறு இல்லை. வாசலில் மஞ்சள் செவ்வந்தி வைக்க அருமையாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, பத்திரமாக இறக்கி வைத்தேன்.

மார்க்கில் கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. சீனர்களே முன்னோரின் பெயரை மரியாதைக்காக எழுதிக்கொண்டவர்கள். காங்ஷி காலத்துக் குயவர்கள் இருநூறு வருஷத்துக்கு முந்தைய செங்குவா பேரரசரின் பெயரை எழுதினார்கள். 1677-இல் ஜிங்டெஜென் ஊரின் அதிகாரி ஒருவர் பேரரசர் பெயரைப் பீங்கானில் எழுதக்கூடாது, உடைந்தால் அவமரியாதை என்று தடை போட்டார். அதனால் அந்தக் காலச் சாமான்கள் பலவற்றில் இரட்டை வட்டம் மட்டும் இருக்கும், நடுவே ஒன்றுமிருக்காது, அல்லது ஒரு இலை வரைந்திருக்கும். வெற்று வட்டத்தைப் பார்த்துக் 'காங்ஷியாக இருக்கலாம்' என்று கண் விரிகிற தொழில் இது.

எழுத்தை நம்ப முடியாது, கண்ணும் சில நேரம் ஏமாறும். அப்புறம் எதை வைத்துக் கோடிகளைக் கொட்டுகிறார்கள்? இங்கேதான் 'யாரிடம் இருந்தது' வருகிறது.

செங்குவா காலத்துக் கோழிக் கிண்ணத்தைப் பாருங்கள். 1465 முதல் 1487 வரை ஆண்டவர் செங்குவா. கிண்ணம் உள்ளங்கையில் அடங்கும், வாய் 8.2 சென்டிமீட்டர். வெளியே சுற்றிலும் ஒரு சேவல், குஞ்சுகளோடு ஒரு பெட்டை, பாறை, செடிகள். கோட்டை முதலில் நீலத்தில் வரைந்து, மெருகு பூசி, பெரிய சூட்டில் சுடுகிறார்கள். பிறகு அந்தக் கோட்டுக்குள் சிவப்பு, மஞ்சள், பச்சை நிரப்பிக் குறைந்த சூட்டில் மறுபடி சுடுகிறார்கள். இரண்டு சூளையிலும் பிழைத்துவர வேண்டும். இந்த உத்திக்கு டூசாய் என்று பெயர். உலகில் இருபதுக்கும் குறைவான கிண்ணங்களே தெரியவந்துள்ளன, பெரும்பாலும் மியூசியங்களில். பிற்காலப் பேரரசர்களே இதை நகல் எடுக்க வைத்திருக்கிறார்கள் என்பதால் போலிக்குப் பஞ்சமே இல்லை.

அதில் ஒரு கிண்ணம் ஹாங்காங்கில் சாத்பீஸ் ஏலத்தில் மூன்று முறை வந்தது. 1980-இல் 52.8 லட்சம் ஹாங்காங் டாலர். 1999-இல் 2.9 கோடி. 2014 ஏப்ரலில் 28.12 கோடி. முப்பத்துநாலு வருஷத்தில் ஐம்பது மடங்குக்கு மேல். கிண்ணத்தில் ஒரு கோழிகூடக் கூடவில்லை. கூடியது கேட்லாக்கின் அந்தப் பட்டியல்தான்: ஜப்பானிய டீலர் சகமோட்டோ கோரோ, லண்டன் டீலர் எஸ்கெனாசி, பிறகு சுவிஸ் ஜுவெலிக் குடும்பத்தின் மெய்யின்டாங் தொகுப்பு. பேர்போன கண்கள் ஒவ்வொன்றாக 'சரி' என்று சொல்லிக் கடந்திருக்கின்றன. அடுத்து வாங்குபவர் கிண்ணத்தோடு சேர்த்து அந்த 'சரி'களையும் வாங்குகிறார்.

2014-இல் வாங்கியவர் ஷாங்காயின் லியூ யிச்சியன். ஒரு காலத்தில் டாக்ஸி ஓட்டியவர், பங்குச் சந்தையில் கோடீஸ்வரர் ஆனவர். அமெக்ஸ் கார்டில் 24 தடவை தேய்த்துப் பணம் கட்டினார். கிண்ணம் கைக்கு வந்ததும் அதில் டீ ஊற்றிக் குடித்தார், படமும் வெளியானது. ஊரே திட்டியது. எனக்குக் கோபம் வரவில்லை. குடிக்கச் செய்த கிண்ணத்தில் ஒருவன் குடித்தான். அடுத்த ஏலத்தில் அந்தக் கதையும் பட்டியலில் ஏறும், விலையும் ஏறும்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கெல்டர்மால்சன் என்ற கப்பல் 1752 ஜனவரி 3-ஆம் தேதி தென்சீனக் கடலில் பவளப்பாறையில் மோதி மூழ்கியது. கேன்டனிலிருந்து ஹாலந்துக்குப் போன கப்பல். முக்கியச் சரக்கு தேயிலை. பீங்கான் அதற்கடுத்த சரக்குதான், ஐரோப்பிய நடுத்தர வீடுகளுக்கான சாதாரணத் தட்டு, கோப்பை. மைக்கேல் ஹாட்சர் என்ற புதையல் வேட்டைக்காரர் 1985-இல் அதைக் கண்டுபிடித்து ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பீங்கான்களை மேலே கொண்டுவந்தார். தேயிலை மெத்தைபோல் அணைத்துக்கொண்டதால் பல கீறலில்லாமல் வந்தன. 1986 ஏப்ரல் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் ஏலம் தொடங்கியது, ஐந்து நாள். 'நான்கிங் கார்கோ' என்று பெயர் வைத்தார்கள். மொத்தம் சுமார் ஒரு கோடி பவுண்டு.

மியூசியம் வாங்கும் தரமில்லை. செய்த நாளில் மலிவுச் சரக்கு. சிலவற்றில் கடல் உப்பு மெருகை மங்கடித்திருந்தது. கப்பலில் வராத அதே மாதிரித் தட்டு பழம்பொருள் கடைகளில் இன்றைக்கும் கிடைக்கும். ஆனாலும் எஸ்டிமேட்டுகளைத் தாண்டித் தாண்டிப் போயின. வாங்கியவர்களுக்கு 1752 என்ற தேதி கிடைத்தது, கப்பலின் பெயர் கிடைத்தது. கிறிஸ்டீஸ் ஒவ்வொன்றிலும் லாட் எண்ணோடு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இன்றைக்கு அந்தத் தட்டுகள் மறு ஏலத்துக்கு வரும்போது 'ஒரிஜினல் ஸ்டிக்கருடன்' என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள். கழுவும்போது ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த வீட்டுக்காரர்கள் காசையும் சேர்த்துச் சுரண்டியிருக்கிறார்கள்.

அந்த ஏலத்துக்குச் சீன அரசு இரண்டு பீங்கான் நிபுணர்களை 30,000 டாலர் கொடுத்து அனுப்பியது. அவர்களால் ஒரு தட்டுகூட எடுக்க முடியவில்லை. தன் நாட்டில் செய்த பண்டத்தைக் கேட்கக் காசு பத்தாமல் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்தச் சூடு வேலை செய்தது. அடுத்த வருஷமே சீனா தன் கடலடித் தொல்லியலைத் தொடங்கியது.

வரலாறே இல்லாத பொருளும் ஜெயிப்பதுண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் 2007-இல் வீட்டுவாசல் விற்பனையில் 3 டாலருக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கி ஷோகேஸில் வைத்திருந்தது. 2013-இல் சாத்பீஸில் 22 லட்சம் டாலருக்குப் போனது. சுங் வம்சத்து டிங் பீங்கான், ஆயிரம் வருஷம். இதை எப்படி நம்பினார்கள்? அதே அளவு, அதே வேலைப்பாட்டில் இன்னொன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் பல காலமாக இருக்கிறது. சொந்தச் சாட்சி இல்லாத கிண்ணத்துக்கு அதன் ஜோடி சாட்சி சொன்னது. மூன்று டாலர் கதையைப் படித்துவிட்டுப் பரணைக் குடைகிறவர்கள் அந்தப் பிரிட்டிஷ் மியூசியப் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

இத்தனை மதிப்பு அந்த வரிக்கு இருப்பதால் அந்த வரியையே போலியாகச் செய்யும் கூட்டமும் உண்டு. இது நம் வீட்டு விஷயம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் நியூயார்க் டீலர் சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஏலம் இல்லை, நேரடி விற்பனை. ஆனால் காகிதம் ஏல கேட்லாக் லட்சணத்தில் அம்சமாக இருந்தது: சிலை 1970-ஐ ஒட்டியே இந்தியாவை விட்டு வெளியே போய்விட்டதாம். அந்த வருஷத்துக்குக் காரணம் உண்டு. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-இல் வந்தது. நம் தொல்பொருள் சட்டம் 1972-இல். அதற்கு முன்னால் வெளியே போனதாக ஒரு காகிதம் இருந்தால் பல வாசல்கள் திறக்கும். அந்தக் காகிதத்தைப் பொய்யாக்கியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படம். 1994-இல் எடுத்தது. நடராஜர் சாவகாசமாகக் கோயிலில் நிற்கிறார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் சிலையைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பழைய போட்டோ 50 லட்சம் டாலரைக் கவிழ்த்தது.

எனவே வாங்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு சுருக்கமாக. 'பழைய ஐரோப்பியத் தனியார் தொகுப்பு' என்று பேரில்லாமல் ஒற்றை வரி இருந்தால் நிறுவனத்துக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், நல்ல நிறுவனம் பதில் தரும். கண்டிஷன் ரிப்போர்ட் கேட்காமல் கேட்பில் இறங்காதீர்கள். மயிரிழை விரிசலும் ஒட்டிய விளிம்பும் படத்தில் தெரியாது. கேட்பதற்கு முன்னால் பிரீமியம், வரி சேர்த்து உச்ச விலையைத் தாளில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். இந்தியாவுக்குள் வாங்குவதானால், நூறு வயது தாண்டிய தொல்பொருளை நாட்டுக்கு வெளியே தனியார் கொண்டுபோக முடியாது என்பதையும், சிலை, ஓவியம் போன்றவற்றுக்கு அரசிடம் பதிவுச் சான்று வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

விற்கிற எண்ணமே இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கதவும் தூணும் லாரி லாரியாகப் போயிருக்கின்றன. இன்றைக்கு ஏதோ ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் நிற்கும் கதவு எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. கதவு பிழைத்தது, அதன் ஊர் தொலைந்தது. உங்கள் வீட்டில் தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஒரு ஜாடியோ, அத்தைக்குச் சீராக வந்த தஞ்சாவூர்ப் படமோ இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, யார், எப்போது, எங்கே என்று ஒரு நோட்டில் எழுதி, பொருள் வீட்டில் இருக்கும் நிலையில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். கடையில் புதிதாக ஒன்று வாங்கினால் தேதி போட்டுப் பில் கேளுங்கள். பில் தரமாட்டேன், எங்கிருந்து வந்தது என்றும் சொல்லமாட்டேன் என்றால், விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் அந்தப் பொருள் வேண்டாம்.